மார்க்கிங் முதல் ஆல் கிளியர் வரை: ஒரு பெஞ்ச் வெடி

வெடிவைப்பு உரிமத்துக்குப் படிக்கிற எல்லோரும் முதலில் மனப்பாடம் செய்வது பர்டன், ஸ்பேசிங், ஸ்டெம்மிங் என்ற வரிசையைத்தான். நானும் அப்படித்தான் படித்தேன். குவாரியில் ஒரு பெஞ்ச் வெடிக்கு, அதாவது படி படியாக வெட்டிய பாறையில் ஒரு படியை உடைக்கும் வெடிக்கு, ஆரம்பத்திலிருந்து கடைசி வரை கூடவே நின்ற பிறகுதான், இவை எல்லாமே டேப் போட்டு அளக்கிற தூரங்கள் என்பதும், வெடியின் விசை எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை அந்தத் தூரங்கள்தான் தீர்மானிக்கின்றன என்பதும் மண்டையில் ஏறியது. இப்போது படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு உதவும் என்று, வேலை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

பெஞ்ச் உயரம் 9 மீட்டர். குழியின் விட்டம் 102 மில்லிமீட்டர். பர்டன் 3 மீட்டர், ஸ்பேசிங் 3.5 மீட்டர் என்று பெயின்ட் அடித்துக் குறித்தோம். பர்டன் என்பது குழிக்கும் திறந்திருக்கும் பாறை முகத்துக்கும் நடுவே நிற்கும் கல்லின் கனம். குழி விட்டத்தைப் போல 25 முதல் 35 மடங்குக்குள் வருவது வழக்கம். ஸ்பேசிங் என்பது ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்துக் குழிகளுக்கு இடையிலான தூரம். மேலே விளிம்பிலிருந்து 3 மீட்டர் அளந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. பாறை முகம் சுவர் மாதிரி நேராக நிற்பதில்லை. எங்கள் முகத்தில் ஓர் இடத்தில் நடுப்பகுதி உள்வாங்கியிருந்தது. மேலே 3 மீட்டர் இருந்தாலும் அங்கே 2 மீட்டர்தான் கல். அப்படியே வெடிமருந்து நிரப்பினால் கல் அந்த வழியாகத்தான் பறக்கும். முன்வரிசைக்கு மட்டும் முகத்தை மேலிருந்து கீழ்வரை லேசர் கருவியால் அளந்து, அந்தக் குழியைப் பின்னால் தள்ளிக் குறித்தோம்.

குழி அடித்தது டிடிஹெச் (டவுன் தி ஹோல்) டிரில்லில். இதில் சுத்தியல், பாறையைக் குடையும் முனையான பிட்டோடு சேர்ந்தே குழிக்குள் இறங்குகிறது. சுத்தியல் வெளியே மேலேயே இருக்கும் டாப் ஹேமரில் அடி மேலிருந்து ராடு வழியாகப் போவதால், ஆழம் கூடக்கூடக் குழி கோணிப்போகும் வாய்ப்பு அதிகம். மேலே 3 மீட்டர் தள்ளி ஆரம்பித்த குழி அடியில் எங்கே போய் முடிகிறது என்பதுதான் உண்மையான பர்டன். அடிமட்டத்துக்குக் கீழே இன்னும் 0.9 மீட்டர் கூடுதலாக அடித்தோம். இது சப்டிரில். இது இல்லாவிட்டால் அடியில் டோ என்று சொல்கிற மேடு உடையாமல் நின்றுவிடும். டஸ்ட் கலெக்டர் ஓடாமல் டிரில்லை ஓட்டவே விடக் கூடாது. அந்தத் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் படிந்துவிட்டால் திரும்பி வராது.

இந்த வேலையில் நான் அதிகம் மதிப்பது டிரில்லர் எழுதும் லாக் புத்தகத்தை. ஒரு குழிக்கு நேராக அவர், “5 மீட்டரில் ராடு சட்டென்று இறங்கியது, தூள் மேலே வரவில்லை” என்று எழுதியிருந்தார். உள்ளே திறந்த பிளவோ பொந்தோ இருக்கிறது, காற்று அதற்குள் போய்விடுகிறது என்று அர்த்தம்.

சார்ஜிங் அன்று முதலில் ஒவ்வொரு குழியிலும் எடை கட்டிய டேப்பை இறக்கி ஆழமும் தண்ணீரும் பார்த்தோம். தண்ணீர் நின்ற குழிகளுக்குத் தண்ணீரைத் தாங்கும் கூழ் போன்ற எமல்ஷன், காய்ந்த குழிகளுக்கு அம்மோனியம் நைட்ரேட் குருணையில் டீசல் கலந்த ஆன்ஃபோ. ஆன்ஃபோ தண்ணீரில் கரைந்து கெட்டுவிடும். அடியில் பிரைமரை, அதாவது மற்ற மருந்தை வெடிக்கத் தூண்டும் டெட்டனேட்டர் சொருகிய சிறு வெடியை, இறக்கிவிட்டு மருந்தைக் கொட்ட ஆரம்பித்தோம். ஒரு பையைக் கொட்டினால் மட்டம் எவ்வளவு ஏற வேண்டும் என்ற கணக்கு முன்பே கையில் இருக்கும். 5 மீட்டரில் ராடு இறங்கிய அந்தக் குழியில் மருந்து மட்டம் அந்த இடத்தை நெருங்கியதுமே மூத்த பிளாஸ்டர் (வெடி வைப்பவர்) கையைக் காட்டி நிறுத்தினார். “தம்பி, இதுக்கு மேல ஒரு பிடி போடாத. டேப்பை விட்டுப் பாரு.” பார்த்தால், கொட்டிய அளவுக்கு மருந்து ஏறவில்லை. பிளவுக்குள் ஓட ஆரம்பித்திருந்தது. தொடர்ந்து கொட்டியிருந்தால் அந்த ஒரே இடத்தில் தேவைக்கு மேல் மருந்து குவிந்திருக்கும். பிளவு இருக்கும் உயரம் முழுக்க ஜல்லி போட்டு அடைத்து, அதற்கு மேலே தனி பிரைமர் வைத்து மருந்தைத் தொடர்ந்தோம். இதுதான் டெக். புத்தகத்தில் இரண்டே வரியில் முடிந்துபோகிற விஷயம் இது.

மேல் 2.5 மீட்டருக்கு ஸ்டெம்மிங், அதாவது மருந்துக்கு மேலே குழியை அடைப்பது. குழி அடித்த தூள் பக்கத்திலேயே குவிந்து கிடக்கும், அதையே தள்ளி மூடத் தோன்றும். செய்யாதீர்கள். அழுத்தம் வரும்போது தூள் அப்படியே மேலே வந்துவிடும். குழி விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள உடைத்த ஜல்லி, எங்களுக்கு 10 மில்லிமீட்டர், ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு வாயுவை உள்ளேயே பிடித்து வைக்கும்.

அப்புறம் கனெக்ஷன். குழிகளை ஒன்றோடொன்று இணைத்து வெடிக்கும் சிக்னலைக் கொண்டுபோகும் மெல்லிய குழாயான ஷாக் டியூபில் சிக்னல் நொடிக்கு சுமார் 2000 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. குழிக்குள் 500 மில்லிசெகண்ட் டிலே (தாமதம்), மேலே குழிக்குக் குழி 17, வரிசைக்கு வரிசை 42. உள்ளே ஏன் இவ்வளவு நீளம் என்றால், முதல் குழி வெடித்துக் கல் நகர்வதற்குள் சிக்னல் பின்னால் இருக்கும் குழிகளுக்குள்ளும் இறங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் பறக்கும் கல் டியூபை அறுத்துவிடும், பின்வரிசை மிஸ்ஃபயர் ஆகும், அதாவது வெடிக்காமல் நின்றுவிடும். வரிசைக்கு வரிசை இடைவெளி எதற்கு என்றால், முன்வரிசை விலகினால்தான் பின்வரிசைக்குத் திறந்த முகம் கிடைக்கும். அதிர்வும் இதனால்தான் அடங்குகிறது. நிலம் உணர்வது மொத்த மருந்தை அல்ல, ஒரே டிலேயில் வெடிக்கிற மருந்தை. 8 மில்லிசெகண்டுக்குள் அடுத்தடுத்து வெடிப்பவற்றை ஒன்றாகவே கணக்கில் எடுப்பார்கள். டெக் போட்ட குழியையும் சேர்த்து முழு வரைபடத்தையும் இரண்டு பேர் தனித்தனியாக நடந்து சரிபார்த்தோம்.

ஆட்களை விலக்கி, வழிகளில் காவல் நிறுத்தி, சைரன் ஊதி, வெடித்தோம். நல்ல வெடியில் முகம் முதலில் உப்பி, பிறகு வரிசை வரிசையாகச் சாயும். மேலே ஜல்லி பீய்ச்சி அடித்தால் ஸ்டெம்மிங் தாங்கவில்லை என்று பொருள். ஒரு மூலையில் ஆரஞ்சு கலந்த பழுப்புப் புகை எழுந்தது. அது நைட்ரஜன் ஆக்ஸைடு, நனைந்த மருந்தின் அடையாளம். அது முழுக்கக் கலையும் வரை யாரையும் உள்ளே விடவில்லை.

பிளாஸ்டர் முதலில் போய்ப் பார்த்தார். வெடிக்காத டியூப், நகராமல் நிற்கும் குழி வாய், குவியலில் கிடக்கும் மருந்து எல்லாவற்றையும் தேடிவிட்டுத்தான் ஆபத்து இல்லை என்று ஆல் கிளியர் கொடுத்தார். புகை வந்த அந்த மூலையில் அடியில் டோ நின்றிருந்தது. அடுத்த ரவுண்டில் அந்தப் பக்கம் முழுக்க எமல்ஷன் என்று லாக்கில் எழுதினோம். டோவில் பழைய குழிகளின் அடிப்பகுதி சாக்கெட்டாகத் தெரிந்தது. உள்ளே வெடிக்காத மருந்து மிஞ்சியிருக்கலாம் என்பதால், காலியாகத் தெரிந்தாலும் அதற்குள் பிட்டை இறக்கக் கூடாது. ஒவ்வொரு சாக்கெட்டையும் சிவப்பு பெயின்டால் வட்டமிட்டு, புதிய குழிகளைத் தள்ளிக் குறித்த பிறகே டிரில்லை உள்ளே கொண்டுவந்தோம்.