ஓடைக்கரைக் கொடி

மார்ச் 8, ஞாயிறு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் சாட்ஸ்வொர்த்துக்குக் குடிவந்து மூன்று வருடம் ஆகிறது. இன்றைக்குத்தான் இங்கே முடக்கத்தானைப் பார்த்தேன்! பின்வாசலைத் தாண்டி உம்லட்டுசானா ஆற்றுக்கு இறங்கும் ஓடைக்கரையில் ஒரு மரத்தையே மூடிப் படர்ந்திருக்கிறது. மூன்று மூன்றாகப் பிரியும் இலை, வெள்ளைப் பூ, காற்றடைத்த பச்சைக் காய். ஒன்றைப் பறித்து நெற்றியில் அடித்தேன், டப்பென்று வெடித்தது. வீட்டுக்கார ஆயாவுக்கு முழங்கால் வலி. ஊரில் அதற்கு முதலில் சொல்வதே முடக்கத்தான் தோசைதான். அரிசி ஊறப் போட்டுவிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

கீரை ஆய உட்கார்ந்தேன், கை நின்றுவிட்டது. தண்டு விரலில் சொரசொரவென்று உரசுகிறது. வெளிச்சத்தில் பிடித்தால் தண்டு முழுக்கச் செம்பட்டையாக மயிர். சின்ன வயதிலிருந்து நான் ஆய்ந்த கொடி இப்படி இருக்காது, நூல் போல மெலிசாக இருக்கும். காயை ஸ்கேல் வைத்து அளந்தேன்: 6 சென்டிமீட்டர், நுனி கூர். நம்முடையது 3 சென்டிமீட்டர் வந்தாலே பெரிது, அதுவும் உருண்டை. பூவும் அப்படித்தான். நம்முடையதைக் குனிந்து தேட வேண்டும், இது வாசலிலிருந்தே தெரிகிறது.

அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். "இது நம்ம கீரை இல்ல, வாயில வச்சிராத" என்று உடனே குரல் வந்தது. ஆயாவுக்குச் சாதா தோசை சுட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 14, சனி

காய்ந்த காய் ஒன்றைப் பிரித்தேன். உள்ளே மூன்று அறை, கறுப்பு விதைகள். முடக்கத்தான் விதையில் வெள்ளையாக ஒரு இதயம் வரைந்திருக்கும். இந்தச் செடிப் பேரினத்தின் கார்டியோஸ்பெர்மம் என்ற பெயருக்கே இதய விதை என்றுதான் பொருள். என் கையில் இருந்த விதையில் வெள்ளைத் திட்டு வட்டமாக இருந்தது. நடுவில் பிளவு இல்லை.

மார்ச் 17, செவ்வாய்

பூ, காய், இலையோடு ஒரு கொப்பைச் செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்தி, டர்பன் தாவரத் தோட்டத்தை ஒட்டிய ஹெர்பேரியத்துக்கு, அதாவது உலர்த்திய செடிகளைச் சேர்த்துவைக்கும் காப்பகத்துக்கு, எடுத்துப்போனேன். தண்டைத் தடவிப் பார்த்த உடனேயே சொல்லிவிட்டார்கள்: கார்டியோஸ்பெர்மம் கிராண்டிஃப்ளோரம், பலூன் வைன். முடக்கத்தானுக்கு உறவு, ஆனால் வேறு செடி. அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்தது. 2004 பல்லுயிர்ச் சட்டத்தின் அந்நியச் செடிப் பட்டியலில் 1பி வகை. வளர்க்கவோ விற்கவோ கூடாது, இருக்கும் இடத்தில் கட்டுப்படுத்தியாக வேண்டும். தென்னமெரிக்காவிலிருந்து ஒரு கூன்வண்டைக் கொண்டுவந்து 2013இல் இதன்மேல் விட்டிருக்கிறார்கள். காய்க்குள்ளேயே இருந்து விதையைத் தின்னுமாம். எங்கள் காய்களில் ஒரு ஓட்டையும் இல்லை.

சரி, அசல் முடக்கத்தான் விதையை ஊரிலிருந்து வரவழைத்துத் தொட்டியில் வைக்கலாமா என்று கேட்டேன். அதுவும் பட்டியலில் இருக்கிறது, 3ஆம் வகை. ஏற்கெனவே நிற்பதை விட்டுவைக்கலாம், புதிதாக நடக்கூடாது. ஓடைக்கரையில் நின்றால் அதையும் 1பி போலவே அகற்ற வேண்டும். வீடு வரும்வரை மனசு கனத்துத்தான் இருந்தது. அம்மா கைப்பக்குவத்தை இனி ஊருக்குப் போகும்போதுதான் சாப்பிட வேண்டும்.

மார்ச் 21, சனி

விடுமுறை. பக்கத்து வீட்டு கோகோவின் (ஜூலு மொழியில் பாட்டி) பேரன்கள் இரண்டு பேர் கூட வந்தார்கள். முதலில் எட்டும் காய்களை எல்லாம் பறித்துச் சாக்கில் கட்டினோம். காய் உடையாமல் பறிப்பதுதான் வேலையே, உடைந்தால் விதை தண்ணீரில் விழும். அப்புறம் தண்டுகளைத் தரையோடு அறுத்தோம். மேலே ஏறிய கொடியை இழுக்கவில்லை, இழுத்தால் கிளையும் சேர்ந்து ஒடிகிறது. அங்கேயே காயட்டும்.

கொடியை விலக்கி உள்ளே பார்த்தபோதுதான் மரம் தெரிந்தது. தடித்த நீலப்பச்சை இலை. கோகோ வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே "உம்டோனி, உம்டோனி!" என்று கூவினார். இந்த மண்ணுக்கே உரிய மரம், நம் நாவலுக்கு நெருங்கிய சொந்தம், பழமும் கருநீலம்தான். மூன்று வருடமாக அடுப்படி ஜன்னலுக்கு நேரே நின்றிருக்கிறது.

ஏப்ரல் 11, சனி

மேலே கொடி சருகாகிவிட்டது. உம்டோனியின் கீழ்க்கிளை ஒன்றில் சிவந்த துளிர். அடியில் புது நாற்றுகள், எண்ணிக்கொண்டே பிடுங்கினேன், 43. கை கழுவ ஓடையில் இறங்கியபோது மேலிருந்து இரண்டு பழுப்புக் காய்கள் மிதந்து வந்தன. எடுத்துச் சாக்கில் போட்டேன். நாளைக் காலையில் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஏறிப் பார்க்க வேண்டும். பேரன்களிடம் சொல்லியாகிவிட்டது.