ஸ்கைலேப்புக்கு பிடிச்ச குடை

விண்வெளின்னாலே ஒரே குளிர்னு தான் நானும் ரொம்ப நாள் நினைச்சிட்டு இருந்தேன், ஆனா அங்க சூடு ஏறிடுச்சுன்னா இறக்குறது தான் பெரும்பாடு, ஏன்னா சூட்ட எடுத்துட்டு போக காத்தே கிடையாது, வெயில் படுற பக்கம் வாங்குற சூட்ட கதிர்வீச்சா வெளிய விட்டா தான் உண்டு. இத எனக்கு நல்லா புரிய வச்சது 1973ல ஸ்கைலேப்ல நடந்த விஷயம்.

மே 14ம் தேதி ஆளில்லாம கிளம்புன அமெரிக்காவோட முதல் விண்வெளி நிலையம் அது. கிளம்பி ஒரு நிமிஷம் சொச்சத்துல விண்கல் தடுப்பு கவசம் பிச்சிட்டு போயிடுச்சு, போகும்போது வெயில்ல இருந்து கரன்ட் எடுக்குற சோலார் இறக்கை ரெண்டுல ஒண்ண தளர்த்திடுச்சு, கொஞ்ச நிமிஷத்துல அதுவும் பிச்சிட்டு போச்சு, இன்னொன்னு சிக்கி சரியா விரியவே இல்ல. அந்த கவசம் விண்கல்லுக்கு மட்டும் இல்லங்க, வெயிலுக்கும் அது தான் மறைப்பு. அது போனதும் உள்ள இருந்த தங்கம் பூசின சுவர் நேரா வெயில்ல நின்னுச்சு. தங்கத்துக்கு ஒரு குணம், வெயில்ல வாங்குறத விட வெளிய விடுற சூடு ரொம்ப கம்மி. உள்ள வெப்பம் 50 டிகிரிய தாண்டிடுச்சு. சாப்பாடு, மருந்து, ஃபிலிம் எல்லாம் கெட்டுடுமோ, சுவர்ல இருக்குற பாலியூரித்தேன் ஃபோம் சூட்டுல விஷ வாயு விடுமோன்னு எல்லாருக்கும் பயம்.

கீழ இருந்து கன்ட்ரோல் பண்ணவங்க நிலைமைய நினைச்சா தான் எனக்கு மனசு பதறுது. நிலையத்தோட தொலைநோக்கி பகுதியில தனியா இருந்த சோலார் பேனல்கள சூரியனுக்கு நேரா திருப்புனா கரன்ட் வரும், ஆனா உள்ள வேகும். சாய்ச்சு வச்சா சூடு குறையும், கரன்டும் குறையும், சில பகுதி உறையுற அளவுக்கு குளிர ஆரம்பிக்கும். சுமார் 45 டிகிரி சாய்வுல வச்சு பத்து நாள் தாக்கு பிடிச்சாங்க.

அதுக்குள்ள ஹூஸ்டன்ல இருக்குற நாசா மையத்துல ஜாக் கின்ஸ்லர்னு ஒருத்தர், டெக்னிக்கல் சர்வீசஸ் பிரிவோட தலைவர், நீட்டி மடக்குற ஃபைபர்கிளாஸ் தூண்டில் கம்புகள வாங்கி அதுல துணிய கட்டி ஒரு மாடல் காட்டினார். நம்ம குடை மாதிரியே தான். நிலையத்துல வெயில் படுற பக்கமா ஆராய்ச்சி கருவி நீட்டுறதுக்குன்னு சுமார் 20 சென்டிமீட்டர் சதுரத்துல ஒரு ஏர்லாக், அதாவது உள்ள இருக்குற காத்து போயிடாம பொருள வெளிய நீட்டுற வழி, இருந்தது, அது வழியா மடக்கின குடைய வெளிய தள்ளி விரிக்கணும், ஒருத்தரும் வெளிய போக வேண்டாம். எவ்ளோ எளிமையான யோசனை, ஆனா அந்த அவசரத்துல அது தோணணுமே! ஒரு பெரிய ரூம் அளவுக்கு விரியுற நிஜ குடைய சில நாள்லயே செஞ்சு முடிச்சாங்க.

மே 25 கான்ராட், கெர்வின், வெய்ட்ஸ்னு மூணு விண்வெளி வீரர்கள் நிலையத்துக்கு கிளம்பினாங்க. மறுநாள் முதல்ல காத்துல விஷம் இருக்கான்னு சோதிச்சு, உள்ள அந்த சூட்டுல கொஞ்ச நேரம் வேலை, அப்புறம் விண்கலம் வந்து இணையுற, குளிர்ச்சியா இருந்த டாக்கிங் பகுதிக்கு வந்து ஓய்வுன்னு மாத்தி மாத்தி குடைய விரிச்சாங்க. ஒரு மூலை சுருங்கி சரியா விரியல, ஆனா நிழல் விழுந்துச்சே, அது போதும். வெளிச்சுவர் சூடு உடனே இறங்க ஆரம்பிச்சுது, உள்ள ஆள் இருக்குற பதத்துக்கு வர சில நாள் ஆச்சு. ஜூன் 7ல கான்ராடும் கெர்வினும் வெளிய போய் சிக்கியிருந்த சோலார் இறக்கையையும் விடுவிச்சாங்க.

குடையோட நைலான் துணி புறஊதா கதிர்ல நாளாக நாளாக இத்து போகும்னு கவலை இருந்ததால, அடுத்து போன குழுவுல கேரியட்டும் லவ்ஸ்மாவும் ஆகஸ்ட் 6ம் தேதி வெளிய போய் ரெண்டு கம்புல கட்டுன பெரிய துணிய அதுக்கு மேலயே விரிச்சாங்க. பழைய குடைய கழட்டல, அது அடியிலயே இருந்துச்சு.