அக்காவுக்காக ஒரு கிளினிக்கல் ட்ரையலை யோசித்தபோது

அக்காவின் நுரையீரல் புற்றுநோய் முதல் மருந்துக்கு அடங்கியிருந்து மறுபடி வளரத் தொடங்கியது. டாக்டர் அடுத்த கீமோவைப் பற்றிப் பேசிவிட்டு, "ஒரு ட்ரையலும் இருக்கிறது, யோசியுங்கள்" என்றார். ட்ரையல் என்றால் புது மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதிக்கும் ஆய்வு.

எல்லா வழியும் அடைபட்ட பிறகுதான் ட்ரையல் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஏற்கெனவே இத்தனை சிகிச்சைக்கு மேல் எடுத்திருக்கக் கூடாது என்று பல ஆய்வுகளில் விதி உண்டு. புதுக் கீமோவைத் தொடங்கிவிட்டால் சிலவற்றில் இடமே கிடைக்காது. வேறு சிலவற்றில் பழைய மருந்து உடலைவிட்டு நீங்கச் சில வாரம் காத்திருக்க வேண்டும். அதனால் அடுத்த சிகிச்சையைத் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அக்காவுக்கு ஒரே பயம்: வெறும் மாவு மாத்திரையைக் கொடுத்துவிட்டால்? டாக்டர் பொறுமையாக விளக்கினார். இது 3ஆம் கட்ட ஆய்வு. ஒரு பிரிவுக்கு வழக்கமான கீமோ, இன்னொன்றுக்கு அதோடு புது மருந்து. யாருக்கு எது என்பதைக் கணினி முடிவு செய்யும். சிகிச்சையே இல்லாமல் யாரையும் விடமாட்டார்கள். 1ஆம் கட்டமாக இருந்தால் கதை வேறு. எவ்வளவு டோஸ் உடல் தாங்கும் என்பதுதான் அங்கே முதல் கேள்வி. எந்தக் கட்டம் என்று கேட்காமல் எதையும் முடிவு செய்ய முடியாது.

ஒப்புதல் படிவம் ஒரு சிறு புத்தகம் போல இருந்தது. உடனே கையெழுத்துக் கேட்கவில்லை, வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். நான் வாசிக்க வாசிக்க அக்கா பென்சிலால் கோடு போட்டாள். கூடுதல் ஸ்கேனுக்கு யார் பணம் கட்டுவது? பக்கவிளைவு வந்தால் செலவு யாருடையது? பாதியில் விலகினால் வழக்கமான சிகிச்சை கிடைக்குமா? ஆய்வு நர்ஸ் ஒவ்வொன்றுக்கும் படிவத்தில் பதில் இருக்கும் இடத்தைக் காட்டினார். காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற வரியை அக்கா இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள்.

அப்புறம் தகுதிப் பரிசோதனை. ரத்தம், கல்லீரல், சிறுநீரகம், மூளை ஸ்கேன் எல்லாம் சீக்கிரம் முடிந்தன. பழைய பயாப்ஸித் திசுவை, அதாவது முன்பு கட்டியிலிருந்து பரிசோதனைக்கு எடுத்த சதைத் துணுக்கை, முந்தைய மருத்துவமனையிலிருந்து வாங்குவதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது. நோய் வளர்ந்துகொண்டிருக்கும்போது காத்திருப்பது கொடுமை. திசு எங்கே இருக்கிறது என்று முதலிலேயே விசாரித்து வையுங்கள்.

கடைசியில் அக்காவுக்கு வந்தது வழக்கமான கீமோ பிரிவு. அழுதாள். புது மருந்து உண்மையிலேயே மேலானதா என்று இன்னும் யாருக்கும் தெரியாது, தெரிந்திருந்தால் இந்த ஆய்வே தேவையில்லை என்றார் டாக்டர். ஒரு இரவு முழுக்க யோசித்தாள். விலகவில்லை, காலையில் கீமோவுக்குக் கிளம்பிவிட்டாள்.