கோழிக்கும் முட்டைக்கும் நடுவே ஒரு மூச்சு: பாங்காக்கில் தாய் பாஷை பழகியது

பாங்காக் வந்து ஆறு வருடம் தாண்டிவிட்டது. வீட்டுக்காரருக்கு பாங் நா பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை, வீடு ஒன் நுட்டில், ரயில் நிலையத்திலிருந்து உள்ளே போகும் ஒரு சோயில். சோய் என்றால் பெரிய ரோட்டிலிருந்து பிரியும் சந்து. வரும்போது மகளுக்கு நாலு வயது. கணவரின் வேலைக்காகக் கூட வரும் நம் பெண்கள், 'பாஷை எப்படிக்கா பழகினீங்க' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் போனில் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன். தாய்லாந்து மொழியைத் தாய் மொழி என்று எழுதினால் நம் கண்ணுக்கு வேறு அர்த்தம் வந்துவிடும், அதனால் தாய் பாஷை என்றே சொல்கிறேன்.

சோய்க்கு வெளியே முதல் ஆறு மாதம் பாஷை தேவைப்படவே இல்லை. ஸ்கைட்ரெயினில் எல்லாப் பெயரும் ஆங்கிலத்திலும் இருக்கும், மாலில் ஆங்கிலம் ஓடும், கடையில் விலை மெஷினில் தெரியும். ஆனால் அந்த ஆங்கிலம் சோய் முனையோடு நின்றுவிடும். உள்ளே இருக்கும் தையல்கார அம்மா, துணி துவைத்துக் கொடுப்பவர், ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட பைக் டாக்ஸிக்காரர், தள்ளுவண்டிச் சாப்பாட்டுக்கடை, இவர்களோடுதான் நம் நாள் ஓடுகிறது, இவர்களிடம் தாய் பாஷை மட்டும்தான்.

எனக்குச் சிக்கல் சாப்பாட்டில் தொடங்கியது. முட்டை சாப்பிடுவேன், கறி மீன் கிடையாது. வந்த புதிதில் ஒருவர் 'மை கின் நுஅ' என்று சொல்லிக் கொடுத்தார், இறைச்சி சாப்பிடமாட்டேன் என்று அர்த்தமாம். அதைச் சொல்லி வாங்கிய பொட்டலத்தில் ஒரு நாள் கோழி, ஒரு நாள் பன்றிக்கறித் துணுக்கு. விற்றவர்கள் மேல் தப்பில்லை, கடையில் 'நுஅ' என்று மட்டும் சொன்னால் அது மாட்டுக்கறி. எந்தக் கறியும் வேண்டாம் என்றால் 'மை கின் நுஅ சத்' என்று முழுசாகச் சொல்ல வேண்டும். மீன் சாஸ் போடாதீங்க என்பதற்கு 'மை சை நாம் ப்லா'. மஞ்சள் கொடியில் சிவப்பாக 'ஜே' என்று எழுதித் தொங்கவிட்ட கடைகள் சுத்த சைவம், ஆனால் அங்கே வெங்காயம், பூண்டு, முட்டை, பால் எதுவும் சேர்க்கமாட்டார்கள். புதிதாக வருகிறவர்கள் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இந்த மூன்றையும் விமானம் ஏறுவதற்கு முன்பே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

எங்கள் சோயில் ஒரு பாட்டியம்மா கடை உண்டு. 'பா' என்று கூப்பிடுவேன். அப்பா, அம்மா இருவரில் யாருக்கு அக்கா என்றாலும் 'பா'தான், நம் கணக்கில் பெரியம்மா. அவர் என்னை 'லூக்' என்பார், பிள்ளை என்று அர்த்தம், நம்மூர் மார்க்கெட்டில் காய்க்காரம்மா 'என்ன கண்ணு' என்பது போல. அவர் கடையின் கப்ராவ் வாசம் முதல் வாரமே என்னை நிறுத்திவிட்டது, ஏனென்றால் அது துளசி. பெருமாள் கோயில் தீர்த்தத்தில் மட்டுமே தெரிந்திருந்த வாசம், பூண்டோடும் பச்சைமிளகாயோடும் கொதிக்கும் எண்ணெயில் விழுந்து தெரு முழுக்க அடிக்கிறது. கறி இல்லாமல், முட்டை போட்டு, அதே துளசி வதக்கல் வேண்டும் என்று கேட்கப் போனேன். முட்டை போடுங்க என்பதற்கு 'சை க்ஹை'. நான் 'சை கை' என்றேன். கோழி போட்டுக் கொடுத்தார். மறுநாளும் கோழி.

மூன்றாம் நாள் முட்டையை விரலால் காட்டினேன். பா அடுப்பைக் குறைத்துவிட்டு, மேஜையில் இருந்த ரோஸ் கலர் டிஷ்யூ சுருளில் ஒரு துண்டைக் கிழித்து, தன் வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு 'கை' என்றார். காகிதம் அசையவில்லை. கோழியின் சிறகு போல முழங்கையை அடித்துக் காட்டினார். அப்புறம் 'க்ஹை' என்றார், காகிதம் பறந்து முன்னால் வந்தது, முட்டையை எடுத்துக் காட்டினார். பிறகு காகிதத்தை என் கையில் கொடுத்தார். பின்னால் சாப்பாட்டுக்கு நின்ற நாலு பேரும் காத்திருந்தார்கள், ஒருத்தரும் அவசரப்படவில்லை. என் காகிதம் அசைய ஏழெட்டு முறை ஆனது. இரண்டு வார்த்தைக்கும் ஸ்வரம், அதாவது குரலின் ஏற்ற இறக்கம், ஒன்றுதான், உயிரெழுத்து ஒன்றுதான், வித்தியாசம் அந்த மூச்சு மட்டும். தமிழில் 'க' ஒன்றுதான் என்பதால் நம் காதுக்கு அது இரண்டு ஒலி என்றே படுவதில்லை.

அன்று வரை ஒரு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன், அங்கே ஆங்கில எழுத்தில் தாய் பாஷையை எழுதித் தருவார்கள். மூச்சுக்காக ஒரு 'எச்' சேர்த்து எழுதுவதால் 'பூகெட்' என்ற ஊரின் முதல் எழுத்தை எஃப் என்று வாசிக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். குறில் எது நெடில் எது என்று அதில் தெரியாது, ஸ்வரம் சுத்தமாகத் தெரியாது. அந்தத் தாள்களை ஓரம்கட்டிவிட்டு, ஒரு நாற்பது பக்க நோட்டில் எல்லாவற்றையும் தமிழில் எழுத ஆரம்பித்தேன். என் அனுபவத்தில் தாய் பாஷையை ஆங்கிலம் வழியாகப் படிப்பது நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் தடை, தமிழ் வழியாகப் போனால் பாதித் தூரம் ஏற்கெனவே கடந்திருப்போம்.

எடுத்துக்காட்டு சொல்கிறேன். பாம்பு 'ஙூ', வேலை 'ஙான்'. கூடப் படித்த ஐரோப்பியர்கள் இந்த ஒலியில் வார்த்தையைத் தொடங்க முடியாமல் திணறினார்கள். நாம் பள்ளியில் ங, ஙா என்று எழுதிப் பழகிவிட்டு அப்புறம் பேச்சில் தொடாமலே விட்ட எழுத்து, இங்கே தினம் வாயில் வருகிறது. 'காது', 'பாட்டு' என்பதன் கடைசியில் உதட்டைக் குவிக்காமல் ஒரு 'உ' சொல்கிறோமே, குற்றியலுகரம், தாய் பாஷையில் அதையே நீட்டினால் ஓர் உயிரெழுத்து, 'நுஅ'வில் இருப்பதும் அதுதான்.

பேச்சின் கட்டுமானம் இன்னும் நெருக்கம். 'காஃபே சோங் கேவ்' என்றால் காபி ரெண்டு கிளாஸ், நாம் சொல்லும் அதே வரிசை. பார்த்ததும் 'கின் காவ் ரு யங்?' என்பார்கள், அப்படியே நம் 'சாப்டாச்சா?'. பதில் 'கின் லேவ்', சாப்டாச்சு. அந்த 'லேவ்' நம் 'ஆச்சு' மாதிரி எங்கும் ஒட்டும், போயாச்சு, வந்தாச்சு, முடிஞ்சாச்சு எல்லாம் அதை வைத்தே சொல்லிவிடலாம். 'பை நை மா?' என்பது சொல்லுக்குச் சொல் 'போய் எங்கே வந்து', அதாவது எங்கே போயிட்டு வர்றீங்க. சும்மா விசாரிப்பதுதான், முழு விவரம் சொல்ல வேண்டியதில்லை என்று நமக்கு யாரும் விளக்க வேண்டுமா!

நம் பழக்கம் காலை வாரிவிடும் இடம் ஸ்வரம். சமம், தாழ்வு, இறக்கம், உயர்வு, ஏற்றம் என்று ஐந்து. நாம் கேள்வி கேட்டால் குரல் தானாக மேலே ஏறும், அங்கே குரலை ஏற்றினால் வார்த்தையே மாறிவிடும். கேள்விக்குத் தனியாகக் கடைசியில் 'மை' உண்டு, நம் 'நல்லா இருக்கா'வில் வரும் 'ஆ' போல. அதைப் போட்டால் போதும், முன்னால் வரும் வார்த்தைகளில் குரலைத் தூக்க வேண்டாம். ஸ்வரம் மாறினால் வார்த்தையே மாறும் என்பதை நான் கற்றது மகளுக்கு 103 டிகிரி காய்ச்சல் அடித்த ஓர் இரவில். கீழே காவல்காரரிடம் மருந்துக்கடை பக்கமா என்று கேட்டேன், 'க்லை' என்றார். பக்கம் என்று எடுத்துக்கொண்டு குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். தூரமும் 'க்லை', பக்கமும் 'க்லை'தான். குரல் சமமாக நீண்டால் தூரம், மேலிருந்து சட்டென்று இறங்கினால் பக்கம். அவர் சொன்னது தூரம். கால் மணி நேரம் நடந்த பிறகு அவரே பைக்கில் பின்னால் வந்து ஏற்றிக்கொண்டு போனார். அந்த இரண்டு 'க்லை'யும் அதற்குப் பிறகு எனக்குக் குழம்பியதே இல்லை.

ஸ்வரத்துக்கு ஒரே வழி எழுத்துப் படிப்பது. பயப்பட ஒன்றுமில்லை, மெய்யெழுத்து 44, அதில் இரண்டு வழக்கொழிந்தவை. மெய்கள் மூன்று வகுப்பு, எந்த வகுப்பு மெய், மேலே என்ன குறி என்று பார்த்தால் ஸ்வரம் எழுத்திலேயே வந்துவிடும். அ-அம்மா, ஆ-ஆடு போல ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் உண்டு, முதல் எழுத்து கோழி, அடுத்தது முட்டை, ஆமாம், அதே கையும் க்ஹையும்! பல்லவர் எழுத்து கடல் கடந்து போய்ப் கம்போடியாவின் பழைய கெமர் எழுத்தாகி, அதிலிருந்து வந்தது தாய் எழுத்து. சுகோதை அரசர் ராமகாம்ஹேங் பெயரால் வழங்கும் கல்வெட்டு பாங்காக் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 1292-ஆம் ஆண்டு என்பார்கள். உருண்டை உருண்டையான எழுத்தில் எனக்கு ஒன்றும் புரியவில்லைதான், ஆனால் உறவு எங்கே தெரிந்தது என்றால் சாதாரண ஒரு கடைப்பலகையில். 'கை' எழுதும்போது நாம் ஐகாரக் குறியை முன்னால் போட்டுவிட்டுத்தான் க எழுதுகிறோம், அவர்கள் கோழிக்கும் அப்படியே முன்னால் குறி, பின்னால் க. மெய்க்கு முன்னால் கண் போவது மற்றவர்களுக்குப் பெரிய கஷ்டம், நமக்கு ஒன்றாம் வகுப்பிலேயே வந்த பழக்கம். ஒரே இடத்தில் மட்டும் ஜாக்கிரதை. 'கோ'வுக்கு நாம் இரண்டு பக்கமும் குறி போடுவோமே, அதே போல அங்கே இரண்டு பக்கமும் குறி வந்தால் அது ஓகாரம் இல்லை, 'காவ்' என்று வரும் குறில் ஒலி. இதை மாற்றி வாசித்தே ஒரு மாதம் போனது.

நேரம் சொல்வதும் தனிப் பாடம். பகலுக்கு 'மோங்', இரவு ஏழு மணியிலிருந்து 'தும்', நள்ளிரவுக்கு மேல் 'தீ', 'தும்', 'தீ' இரண்டும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும். ராத்திரி எட்டு மணி 'சோங் தும்', அதாவது இரண்டு தும். எங்கள் கட்டடத்தில் ஒரு நாள் 'சாம் தும்' முதல் 'தீ சாம்' வரை தண்ணீர் வராது என்று சொன்னார்கள். சாம் என்றால் மூன்று, மதியம் மூன்று என்று நினைத்து வாளியெல்லாம் பிடித்து வைத்தேன், ஆறு மணி ஆகியும் தண்ணீர் வந்துகொண்டே இருக்க, ரத்தாகிவிட்டது போல என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஒன்பது மணிக்குக் குழந்தை தலையில் சோப்போடு நிற்கும்போது குழாய் நின்றது. விடியற்காலை மூன்று மணி வரை வரவே இல்லை. மாதப் பெயர்களோ நமக்கு வரம். ஜனவரி மகராகோம், ஏப்ரல் மேசாயோன், ஜூன் மிதுனாயோன், அத்தனையும் நம் ராசிகள். கோம் என்று முடிந்தால் 31 நாள், யோன் என்றால் 30. வருடத்துக்கு மட்டும் 543 கூட்ட வேண்டும், பால் பாக்கெட்டில் 68 என்று பார்த்தால் அது 2568, நம் 2025.

சீலோம் ரோட்டில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, 19-ஆம் நூற்றாண்டில் இங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. இங்குள்ளவர்களுக்கு அது 'வத் கேக்'. கேக் என்றால் விருந்தாளி, இந்தியர்களையும் அப்படித்தான் சொல்வார்கள், சிலருக்கு அந்தச் சொல் பிடிக்காது, எனக்கு அதில் வருத்தமில்லை. விஜயதசமி இரவு அம்மன் ஊர்வலம் வரும்போது ரோடு முழுக்கச் செண்டுமல்லி, கும்பிட வந்தவர்களில் தாய் மக்கள்தான் அதிகம். போன முறை பக்கத்தில் நின்ற ஓர் இளம்பெண், தேங்காய் எதற்கு உடைக்கிறார்கள் என்று என்னிடம் கேட்டாள். நான் முதல்முறையாக ஐந்து நிமிடம் நிறுத்தாமல் தாய் பாஷை பேசியது அங்கேதான்.

இந்த வருடம் சோங்க்ரானுக்கு, அதாவது நம் சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி வரும் அவர்கள் புத்தாண்டுக்கு, இரண்டு நாள் முன்பு கப்ராவ் வாங்கப் போனேன். பா கடை மூடியிருந்தது. அட்டையில் மார்க்கரால் கையெழுத்தில் ஏதோ எழுதிக் கட்டியிருந்தார். அச்செழுத்தில் இருக்கும் சுழிகள் கையெழுத்தில் பல சமயம் இருக்காது, அதனால் இதுவரை மகளைக் கூப்பிட்டுத்தான் படிக்கச் சொல்வேன். அன்று அவள் கூட இல்லை. வெயிலில் நின்று ஒவ்வொரு எழுத்தாக, கோழி எது முட்டை எது என்று பிரித்துப் பிரித்து வாசித்தேன். 'பித்', மூடல். 11 முதல் 18 மேசாயோன் வரை. கீழே பெரிதாக, 'க்லப் பான்'. வீட்டுக்குப் போகிறேன்.