நாவூவுக்கு அமுச்சியைக் கூட்டிப்போனது

மார்மன் சபை என்று வெளியார் சொல்கிற, பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபைதான் எங்கள் சபை. அதில் நேர்த்திக்கடன் என்று ஒரு சொல் கிடையாது. ஆனால் என் மகன் 27 வாரத்திலேயே பிறந்து, குழாய்களுக்கு நடுவே உள்ளங்கையளவு நெஞ்சு படபடக்கக் கிடந்தபோது, என் மாமியார் கண்ணாடிக்கு வெளியே நின்று உதட்டுக்குள் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டேன். "இவன் பிழைத்து எழுந்து நடந்தால், நாவூவில் நம் பாட்டி இருந்த மண்ணில் நடக்க வைக்கிறேன் என்று பரலோகப் பிதாவிடம் சொல்லியிருக்கிறேன்" என்றார். நாவூ, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் எங்கள் சபையின் முன்னோர் கட்டிய ஊர். கோயமுத்தூரில் பிறந்தவளுக்கு இதற்கு வேறு என்ன பெயர் வைக்கத் தெரியும்?

பையனுக்கு இப்போது 9 வயது. ஓரிடத்தில் நிற்பதில்லை. அத்தைக்கு 78. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. (அத்தை என்று நான் கூப்பிடுவது அவருக்குப் பிடிக்கும். "நான் இவளுக்கு அட்டே" என்று யூட்டாவில் தன் சிநேகிதிகளிடம் பெருமையடித்துக்கொள்வார்.) "இந்த ஜூலையை விட்டால் என் கால் என் பேச்சைக் கேட்காது" என்று அவரே நாள் குறித்துவிட்டார். ஜூலையில் அங்கே கூட்டம் நெரியும் என்று தெரிந்தேதான் கிளம்பினோம்.

எனக்கும் அங்கே ஒரு காரியம் இருந்தது. என் அமுச்சி, அம்மாவைப் பெற்றவள், பீளமேட்டுப் பக்கம் ஒரு மில்லில் ரீலிங் பிரிவில் வேலை பார்த்தவள். மில் சங்கு ஊதி வீடு வரும்போது அவள் தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். நான் எடுத்துவிடுவேன். அவள் போய் 11 வருஷம் ஆகிறது. இறந்துபோனவர் பேரில் உயிரோடிருப்பவர் ஞானஸ்நானம் எடுப்பது எங்கள் சபை வழக்கம். அப்படி அவளுக்காக ஆலயத்தில் எடுக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. 110 வருஷத்துக்குள் பிறந்தவர் என்றால் நெருங்கிய சொந்தத்தின் சம்மதம் வேண்டும். அப்படியென்றால் அம்மாவிடம் கேட்க வேண்டும். அம்மா இன்றைக்கும் மாரியம்மனுக்குப் பூவோடு, அதாவது தீச்சட்டி, எடுக்கிறவள். இரண்டு வருஷம் கேட்கத் தைரியம் வரவில்லை.

கடைசியில் போனில் கேட்டேவிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அவ எந்தச் சாமியையும் வேண்டாம்னு சொன்னதில்ல கண்ணு. புடிச்சா வருவா, புடிக்கலீன்னா வரமாட்டா. நீ பண்ணு" என்றாள். நாம் இங்கே செய்வதை ஏற்பதும் மறுப்பதும் அந்த ஆத்துமாவின் விருப்பம் என்று ஞாயிறு வகுப்பில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

சால்ட் லேக்கிலிருந்து நாவூ சுமார் 2,000 கிலோமீட்டர். வயோமிங், நெப்ராஸ்கா, அயோவா என்று மூன்று நாள் கார். அத்தையின் பாட்டிக்குப் பாட்டி 1846-ல் நாவூவிலிருந்து கிளம்பி இதே தூரத்தை மாட்டுவண்டியோடு மறுபக்கமாக நடந்தாள். நாங்கள் ஏசி போட்டுக்கொண்டு, புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டு போனோம். நெப்ராஸ்காவில் பிளாட் ஆறு சாலையோடு கூடவே வரும், முடியவே முடியாது. "இன்னும் எவ்வளவு தூரம்" என்று பையன் நச்சரித்தபோது, "அவர்கள் இந்த மாநிலத்தைக் கடக்க வாரக்கணக்காயிற்று, வாயை மூடு" என்றார் அத்தை. அதற்கப்புறம் அரைமணி நேரம் அமைதி.

மிசிசிப்பியைத் தாண்டி இல்லினாய் கரைக்கு வந்தபோது இரவு. ஆற்றோரச் சாலையில் மழைத்தூறல் மாதிரி கண்ணாடியில் ஏதோ அடித்தது. எல்லாம் ஈசல் மாதிரி ஒரு பூச்சி. மேஃப்ளை என்கிறார்கள், ஒரே நாள் ஆயுசு. டயருக்கடியில் நொறுநொறுவென்று சத்தம். அந்தச் சத்தத்தோடு வளைவில் திரும்பினோம், மேட்டின் உச்சியில் வெளிச்சத்தில் வெள்ளையாக ஆலயம். கணவர் காரை ஓரங்கட்டிவிட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. அத்தை கைப்பையைத் திறந்து மூடி, திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

அந்த நிறைவோடு தங்குமிடம் போனால், நான்கு மாதத்துக்கு முன்பே பணம் கட்டிய அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தார்கள். "ஏதோ குழப்பம்" என்று தோளைக் குலுக்கினார் அந்த ஆள். ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர், விழா நாள், வேறு எங்கே போவது? ஆற்றைத் திரும்பக் கடந்து அயோவா பக்கம் இரட்டை வாடகைக்கு ஓர் அறை பிடித்தோம். புண்ணிய ஸ்தலம் எதுவானாலும் வாசலில் இப்படி ஒருவர் உட்கார்ந்திருப்பார்போல. மறுநாள் கடைவீதியில் ஆலயப் படம் போட்ட தட்டு, சாவிக்கொத்து, மரப்பொம்மை என்று ஒரு கடைக்காரர் அத்தையை விடாமல் பிடித்துக்கொண்டதையும் இந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாவூ என்றால் எபிரெயத்தில் அழகு. ஏசாயா 52-ல் சுவிசேஷகனுடைய பாதங்கள் "மலைகளின்மேல் எவ்வளவு அழகாயிருக்கின்றன" என்று வருகிறதே, அந்தச் சொல். 1839-ல் மிசௌரியிலிருந்து அடித்து விரட்டப்பட்டு நம் ஜனங்கள் வந்து சேர்ந்தபோது இது காமர்ஸ் என்ற பெயரில் வெறும் சதுப்பு நிலம். அந்தச் சேற்றுக்கு, எங்கள் சபையை நிறுவிய தீர்க்கதரிசி ஜோசப் ஸ்மித் அழகு என்று பெயர் வைத்தார். சில வருஷத்திலேயே 12,000 பேர் வாழும் நகரமாகி, சிகாகோவுக்குச் சமமாக நின்றது.

நிலப் பதிவு அலுவலகத்தில் மூதாதையர் பெயரைச் சொன்னால் அவர்கள் இருந்த மனையைத் தேடி எடுத்துக் காகிதத்தில் அச்சடித்துத் தருகிறார்கள், காசு கிடையாது. ஒரு மூத்த மிஷனரி சகோதரி பொறுமையாகத் தேடினார். எங்களுக்குப் பின்னால் இரண்டு பஸ் கூட்டம் நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. காகிதம் கைக்கு வந்ததும் அத்தை அதை மடிக்கவில்லை. நாள் முழுக்க விரித்தபடியே, ஈரம் காயாத எதையோ பிடிப்பதுபோல் இரண்டு கையால் ஏந்திக்கொண்டு நடந்தார்.

அந்தப் பாட்டி இங்கிலாந்தில் பிரெஸ்டன் ஊர் பஞ்சாலையில் வேலை பார்த்தவள். 1837-ல் நம் மிஷனரிகள் முதன்முதலாக அங்கேதான் போய் ரிபிள் ஆற்றில் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். லிவர்பூலில் கப்பலேறி, நியூ ஆர்லியன்ஸில் இறங்கி, நீராவிப் படகில் ஆற்றோடு மேலேறி 1842-ல் நாவூ வந்தாள், கையில் ஒன்று, இடுப்பில் ஒன்றாக. இந்தக் கதையை அத்தை முதன்முதல் சொன்னபோது நான் கேட்ட கேள்வி, "அவர் தலையிலும் பஞ்சு ஒட்டியிருக்குமா?" அன்றைக்கு ஆரம்பித்ததுதான் எங்கள் இருவருக்குள் இந்த ஒட்டுதல்.

மனையில் ஒன்றுமில்லை. வெட்டிவிட்ட புல், ஒரு மரம், தூரத்தில் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போகும் குதிரைவண்டி. வீட்டின் அடிக்கல்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டேன். அத்தை பார்த்தார். "எனக்குக் குனிய வராது" என்றார். நான் உட்கார்ந்து அவர் ஷூ நாடாவை அவிழ்த்தேன். வீங்கிய பாதம், நீல நரம்பு. புல்லில் வைத்ததும் விரல்கள் சுருங்கின. பையனைக் கூப்பிட்டார். "நட" என்றார். அவன் நடக்கவா செய்வான்? மரம்வரை ஓடி, தொட்டுவிட்டு, திரும்பி ஓடிவந்தான். "போதுமா பாட்டி?" "இன்னொரு தடவை." மூன்று தடவை ஓடவிட்டார். நான் அந்த இன்குபேட்டர் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்த இரவுகளை நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

இடுப்பிலிருந்த அந்தக் குழந்தை முதல் கோடையிலேயே குளிர்காய்ச்சலில் போய்விட்டது. பார்லி தெருவில் கிழக்கே போனால் மரங்களுக்கு நடுவே பழைய இடுகாடு. பலருக்குக் கல்லே இல்லை, எங்கள் குழந்தைக்கும் இல்லை. கொசு பிடுங்கியது. பையன் காலில் ஓங்கி அடித்தபோது, "இதுதான் அவனைக் கொன்றது" என்றார் அத்தை. பையன் அடித்த கொசுவை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் காலத்தில் மலேரியா எதிலிருந்து வருகிறது என்றே யாருக்கும் தெரியாது. கெட்ட காற்று என்று நினைத்தார்கள். கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தபிறகுதான் சாவு குறைந்தது.

கார்த்தேஜ் சிறைக்கும் போனோம். 1844 ஜூன் 27 அன்று ஜோசப்பையும் அண்ணன் ஹைரமையும் சுட்டுக்கொன்ற மாடியறை. குண்டு துளைத்த கதவு இன்னும் இருக்கிறது. இருபது பேர் நிற்கும் அறையில் நாற்பது பேரை ஏற்றி, பின்னாலிருந்து தள்ளித் தள்ளி வெளியே அனுப்பிவிட்டார்கள். ஜெபிக்க நினைத்தேன், யாரோ என் காலை மிதித்தார்கள். அவ்வளவுதான்.

சிவப்புச் செங்கல் கடை மாடியில் கூட்டம் குறைவு. 2024-ல்தான் அந்தக் கடையும் ஜோசப்பின் வீடும் நம் சபை கைக்கு வந்தன. அங்கேதான் 1842 மார்ச் 17 அன்று எங்கள் சபைப் பெண்களின் ஒத்தாசைச் சங்கம் பிறந்தது. ஆலயம் கட்டுகிற ஆட்களுக்குச் சட்டை கிழிந்திருக்கிறது, துணி நான் தருகிறேன் என்று சாரா கிம்பல் சொல்ல, நான் தைக்கிறேன் என்று மார்கரெட் குக் சொல்ல, அந்தப் பேச்சிலிருந்து முளைத்ததுதான் சங்கம். நூலும் துணியுமாக இரண்டு பெண்கள். மில்காரி பேத்திக்கு இது போதாதா?

அந்தச் சட்டைகளைப் போட்டுக்கொண்டு அவர்கள் கட்டிய ஆலயம் இருக்கிறதே, அதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வரும். 1841 ஏப்ரல் 6-ல் மூலைக்கல். பத்து நாளில் ஒரு நாள் உழைப்பு. தீர்க்கதரிசி கொல்லப்பட்டாகிவிட்டது, ஊரைக் காலி செய்தாக வேண்டும் என்று தெரிந்தாகிவிட்டது, அப்போதும் கட்டினார்கள். 1845-46 குளிர்காலத்தில் இரவும் பகலுமாக 5,000-க்கும் மேற்பட்டவர்கள் உள்ளே போய்த் தங்கள் நியமங்களை, அதாவது ஆலயச் சடங்குகளை, பெற்றார்கள். பிப்ரவரி 4-ல் முதல் வண்டி ஆற்றைக் கடந்தது. 1848-ல் எவனோ தீ வைத்தான், 1850-ல் சூறாவளி சுவரைச் சாய்த்தது. போகிற வீட்டுக்கு யாராவது இப்படி வெள்ளையடிப்பார்களா? நான் செய்திருக்கமாட்டேன்.

1999-ல் அப்போதைய சபைத் தலைவர் ஹிங்க்லி அறிவித்து, 2002-ல் அதே ஜூன் 27 அன்று அதே மேட்டில் திரும்ப எழுந்த ஆலயத்துக்குத்தான் நாங்கள் மூன்றாம் நாள் போனோம். சுவரின் மேல்வரிசையில் சூரியக்கற்கள், மேகத்துக்கு மேலே பாதி எழும்பிய முகம், உச்சியில் எக்காளம் பிடித்த கைகள். "கர்த்தருக்குப் பரிசுத்தம்" என்ற எழுத்தைப் பார்த்ததும் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். பையனை வெளியே புல்தரையில் கணவரின் தங்கையிடம் விட்டோம்.

ஞானஸ்நானத் தொட்டிக்கு வந்திருந்த இளைஞர் கூட்டத்தைச் சொல்லி மாளாது. ஒன்றரை மணி நேரம் வெள்ளுடையில் காத்திருந்தேன். காத்திருக்கும்போது ஜேன் நீமனை நினைத்தேன். இறந்துபோன மகனுக்காக 1840-ல் இந்த ஊர் ஆற்றில் இறங்கி, மரித்தோருக்காக முதல் ஞானஸ்நானம் எடுத்த தாய். வார்த்தைகள் சரியாகச் சொல்லப்படுகின்றனவா என்று கேட்க வியன்னா ஜாக்ஸ் குதிரையோடு ஆற்றுக்குள் இறங்கி நின்றாளாம். அப்போது ஆலயமும் இல்லை, தொட்டியும் இல்லை.

எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் என் கணவர். பழனியம்மாள் என்ற பெயரை வயோமிங்கிலிருந்து பயிற்சி செய்துகொண்டே வந்தார். 'ழ' மட்டும் வரவில்லை. பர்னியம்மா, பல்னியம்மா, நெப்ராஸ்கா முழுக்க இதே பாடு. தண்ணீரில் நின்று கை உயர்த்தி அவர் சொன்னபோது வந்தது 'பளனியம்மா.' எனக்கு மூச்சே நின்றது. அமுச்சிக்கே 'ழ' வராது. யார் பேர் கேட்டாலும் "பளனியம்மாங்" என்றுதான் சொல்வாள். அவள் வாயிலிருந்து வந்தபடியே, அவள் பேர், இந்தத் தண்ணீருக்கு மேலே. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வர, வாயைத் திறந்தபடியே மூழ்கி, நிறையத் தண்ணீர் குடித்துவிட்டேன். எழுந்தபோது தலைமுடி முகத்தில் ஒட்டியிருந்தது. அத்தை தொட்டிக்கு வெளியே துண்டோடு நின்றார். முகத்தில் ஒட்டியதை ஒவ்வொரு இழையாக எடுத்துவிட்டார், பஞ்சு எடுப்பதுபோல.

அப்பா, பிதாவே, என்னத்தைச் சொல்வேன்! எங்கேயோ பிரெஸ்டன், எங்கேயோ பீளமேடு. பிழைக்காது என்ற பிள்ளை வெளியே புல்லில் உருண்டுகொண்டிருக்கிறான். நான் கேட்டதுக்கு மேலே கொடுத்தீர். கேட்காததையும் கொடுத்தீர்.

அன்று சாயங்காலம் பார்லி தெரு ஆற்றில் முடிகிற இடத்தில் உட்கார்ந்தோம். வழியிலே மாண்டவர்களின் பெயர்கள் அங்கே பொறித்திருக்கின்றன. 1913-ல் கீயோகக்கில் அணை கட்டியபிறகு ஆறு ஏரிபோல் விரிந்துவிட்டது. அவர்கள் வண்டியை இறக்கிய கரை இப்போது தண்ணீருக்குள். குதிரை லாட ஆணியில் தனக்குச் செய்து தந்த மோதிரத்தைப் பையன் விரலில் சுழற்றிக்கொண்டிருந்தான். எட்டு மணி, ஊரில் காலை ஆறரை. அம்மாவைக் கூப்பிட்டேன்.

"ஆச்சா கண்ணு?"

"ஆச்சும்மா."

"தண்ணி எப்படி? அவளுக்குப் பச்சத்தண்ணி ஆகாதே. ஐப்பசி மாசம்னா வெந்நியில்லாம தலைக்கு ஊத்தமாட்டா."

"வெதுவெதுன்னுதான் இருந்துச்சு."

"அப்பச் செரி" என்று அம்மா போனை வைத்தாள்.