ஏசி காத்து, சிஸ்டர்

"சார், அந்தப் பையன் கை சில்லுனு இருக்கு."

"ஏசி காத்து, சிஸ்டர்."

கேஷுவாலிட்டி டியூட்டி. ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டை எழுதிக்கொண்டிருந்தேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

கொஞ்சம் காத்திருக்கலாம் என்கிறவர்களுக்கான எல்லோ ஸோனில் அவனைப் போடச் சொன்னதும் நான்தான். 24 வயது. பைக் ஸ்கிட் ஆகி ஹேண்டில்பார் இடது விலாவுக்குக் கீழே குத்தியிருந்தது. நன்றாகப் பேசினான், மூச்சு இரண்டு பக்கமும் சமமாக இருந்தது, பி.பி. 110/70, பல்ஸ் 118. வலியும் பயமும் இருந்தால் பல்ஸ் ஏறத்தானே செய்யும்? உடனே பார்க்க வேண்டியவர்களுக்கான ரெட் ஸோனில் தலைக்காயத்தோடு ஒருவர், நினைவின் அளவைச் சொல்லும் ஜி.சி.எஸ். 15-க்கு 7. அவருக்கு உடனே மூச்சுக்குழாயில் டியூப் போட்டாக வேண்டும். என் இடத்தில் யார் இருந்தாலும் அங்கேதான் ஓடியிருப்பார்கள்.

ஆனால் சிஸ்டர் வந்து சொன்னபோது தலைக்காயக்காரருக்கு டியூப் போட்டு சி.டி.க்கு அனுப்பியாகிவிட்டது. எழுந்து நாலடி நடந்து கையைத் தொட்டிருக்கலாம்.

பாடம் தெரியாதவன் இல்லை. உடம்பில் ஐந்து லிட்டர் ரத்தம் என்றால், 750 மில்லிக்கு மேல் போகும்போதே பல்ஸ் ஏறிவிடும். ஒன்றரை லிட்டர் வரைக்கும்கூட பி.பி. பெரும்பாலும் விழாது. இளவயசு உடம்பு கை கால் ரத்தக்குழாய்களைச் சுருக்கிச் சுருக்கித் தாக்குப்பிடிக்கும். கை சில்லிடுவது அதனால்தான். ஹவுஸ் சர்ஜன்களுக்கு இதை வாய் வலிக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

அடுத்த இருபது நிமிடத்தில் தண்ணீர் தண்ணீர் என்று கேட்க ஆரம்பித்தான். பி.பி. 70. வயிற்றுக்குள் ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் ஃபாஸ்ட் ஸ்கேனில் மண்ணீரலைச் சுற்றி ரத்தம். ஓடிப்போய் லைன் போடலாமென்று பார்த்தால், இரண்டு கையிலும் ரத்தம் வேகமாக ஏற்றுவதற்கான பெரிய ஊசி, சாம்பல் நிற வென்ஃப்ளான், ஏற்கெனவே இருந்தது. ஒன்றைத்தான் போடச் சொல்லியிருந்தேன். இரண்டாவதை சிஸ்டர் எப்போது போட்டார்கள்? பொருத்தமான ரத்தம் பார்க்கும் கிராஸ்மேட்சுக்கு அவன் ரத்தமும் போயிருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை.

பிழைத்துக்கொண்டான். மண்ணீரல் போய்விட்டது. முன்னாலேயே பார்த்திருந்தாலும் எடுத்துத்தான் ஆகவேண்டியிருக்கும் என்றார் சர்ஜன். இருக்கலாம். பி.பி. விழாமல் இருந்திருந்தால் வெட்டாமலே சமாளித்திருக்கலாம் என்பதும் அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மண்ணீரல் இல்லாத உடம்பில் கிருமி வேகமாகப் பரவும்; இனி ஆயுசுக்கும் காய்ச்சல் என்றாலே அவன் பயந்து ஓடிவர வேண்டும்.

இப்போதெல்லாம் வருகிறவர்கள் அத்தனை பேர் கையையும் தொட்டுப் பார்க்கிறேன். போன மாதம் ஒரு அம்மாவின் கை சில்லென்று இருந்தது. பதறிப்போய் ஸ்கேன் மெஷினை அவர் பக்கம் இழுத்துக்கொண்டேன். உண்மையிலேயே ஏசி காற்றுதான். அதற்குள் மஞ்சள் நிற டேக் கட்டிய ஒருவர் பத்து நிமிடம் காத்துக் கிடந்தார்.

அந்தப் பையனின் கேஸ் ஷீட்டைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். முதல் பரிசோதனைக்கு நேரே என் கையெழுத்தில், 'பெரிஃபெரி வார்ம்', கை கால் வெதுவெதுப்பாக இருக்கிறது, என்று எழுதியிருந்தது. அன்று அவன் கையை நான் தொடவே இல்லை.