தாளம் ஈந்த ஊர்

சிதம்பரம் தாண்டி, கொள்ளிடம் பாலத்தில் வேன் ஏறியபோது என் கைத்தாளத்தின் கயிறு அறுந்தது. ஒரு கிண்ணம் மடியில் தங்கியது. மற்றொன்று உருண்டு, முன் இருக்கைகளுக்கு அடியில் புகுந்து, ஓட்டுநரின் செருப்பில் போய் முட்டி நின்றது.

"தாளம் கொடுத்த சாமியைப் பார்க்கப் போகும்போது தாளத்தையே தொலைக்கப் பார்க்கிறீர்களே, சார்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. 22 பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கயிறு இரண்டு மாதமாகவே நைந்துகொண்டிருந்தது. மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு வியாழக்கிழமையும் நினைப்பேன், வெள்ளிக்கிழமை மறந்துவிடுவேன்.

தாம்பரத்துக்கு அருகே எங்கள் பகுதிப் பிள்ளையார் கோயிலில் வியாழன்தோறும் மாலை கூடித் தேவாரம் பாடுகிறவர்கள் நாங்கள். பணி ஓய்வு பெற்றவர்கள் பாதிப் பேர். தையற்கடைக்காரர் ஒருவர், கல்லூரியில் படிக்கும் இரண்டு பெண்கள், பூக்கடை வைத்திருக்கும் அக்கா, மாவு மில் நடத்தும் தம்பதி என்று மீதிப் பேர். சுற்றுவட்டாரத்தில் குடமுழுக்கு, ஆருத்ரா தரிசனம், நவராத்திரி என்றால் அழைப்பார்கள். அதைக் கச்சேரி என்று சொன்னால் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஓதுவார் ஐயாவுக்குப் பிடிக்காது. "விண்ணப்பம் என்று சொல்லுங்கள்" என்பார். கல்வெட்டுகளில் வரும் சொல்லே அதுதானாம், திருப்பதியம் விண்ணப்பம் செய்தல். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் அப்படி விண்ணப்பம் செய்ய பிடாரர்கள் எனப்பட்ட 48 ஓதுவார்களை நியமித்து, கூடவே உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர் என்று 50 பேருக்கு நாள்தோறும் நெல் அளக்கச் சொல்லியிருக்கிறான். இந்தச் செய்தியைக் கேட்ட நாளிலிருந்து அந்த 48 பேரை விட மற்ற இரண்டு பேர்மீதுதான் எனக்கு அதிகப் பிரியம்.

காரணம் இருக்கிறது. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு வரை நானும் பாடிக்கொண்டிருந்தேன். தைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு குரல் மேலே ஏறினால் காய்ந்த மூங்கில் போல் பிளக்கும். குழுவில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானே வாயசைத்துக்கொண்டு நின்றேன். நாலைந்து வாரம் பார்த்துவிட்டு, ஐயா தம் பையிலிருந்து ஒரு ஜோடி வெண்கலத் தாளத்தை எடுத்து என் கையில் வைத்தார். "இதற்கும் ஆள் வேண்டும்" என்றார். அவ்வளவுதான்.

வேனில் பூக்கடை அக்கா சாமிக்கு மாலை கட்டிக்கொண்டு வந்தார். கயிறு அறுந்ததைப் பார்த்ததும் தண்ணீர் பாட்டிலைச் சரித்து வாழைநாரை நனைத்தார். மூன்று இழையாகக் கிழித்து, தொடையில் வைத்து உருட்டி முறுக்கினார். கிண்ணத்தின் நடுத்துளையில் கோத்து, உட்புறம் முடிச்சுப் போட்டு, பல்லால் இழுத்து இறுக்கினார். "காய்ந்தால் இன்னும் இறுகும், அண்ணா. இரண்டு நாளைக்குத் தாங்கும்" என்று சொல்லிவிட்டு மறுபடி மாலைக்குத் திரும்பிவிட்டார்.

திருக்கோலக்கா சீர்காழியை ஒட்டியே இருக்கிறது. தாளமுடையார் கோயில் என்று கேட்டால்தான் ஊரில் வழி சொல்கிறார்கள். சீர்காழிக் குளக்கரையில் ஞானப்பால் உண்டு 'தோடுடைய செவியன்' பாடிய குழந்தை சம்பந்தர், அடுத்து வந்து பாடிய தலம் இது. சின்னக் கைகளால் தாளம் போட்டுப் பாடியதில் உள்ளங்கை சிவந்துபோனது. அதைக் காணப் பொறுக்காத இறைவன் ஐந்தெழுத்து பொறித்த பொற்றாளம் கொடுத்தார். பொன்னில் தாளம் செய்தால் ஓசை வராதே? அதற்கு நாதம் கொடுத்தவள் அம்மை. அதனால் அவளுக்கு ஓசை கொடுத்த நாயகி என்று பெயர். அப்பன் பரிசு வாங்கிக் கொடுப்பதும், அது வேலை செய்கிறதா என்று அம்மா பார்ப்பதும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான் என்று மாவு மில் அம்மா சொன்னார். நான் படித்த எந்த உரையிலும் இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கவில்லை.

தை மாதம். வழியெல்லாம் சம்பா அறுவடை. சாலையில் பாதியை நெல்லே எடுத்துக்கொண்டிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் குறைவு. 'மடையில் வாளை பாய' என்று சம்பந்தர் பாடிய பதிகத்தைத் தக்கராகத்தில், அதாவது இன்றைய காம்போதியில், அம்மன் சன்னிதிக்கு எதிரே நின்று தொடங்கினோம்.

எங்கள் குழுவின் தீராத வழக்கு ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். சுருதியில் ஆண்களுக்கு ஒரு கட்டை சுகம், பெண்களுக்கு ஐந்து. பல மாதம் சண்டை போட்டு நான்கு கட்டையில் வந்து நின்றிருக்கிறோம். அதில் ஆண்களுக்குக் கழுத்து நரம்பு புடைக்கும், பெண்களுக்குக் கீழ் ஸ்வரங்கள் வெறும் காற்றாகப் போகும். இரு தரப்புக்கும் சமமான அதிருப்தி. ஆனால் கருங்கல் மண்டபத்தில் இந்தக் குறைகள் எப்படியோ கரைந்துபோகின்றன. எங்கள் ஊர்க் கோயிலின் தகரக் கூரைக்குக் கீழே பாடும் அதே பேர்கள்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

மூன்றாவது பாட்டின்போது ஒரு தாய் ஐந்து வயதுப் பையனோடு வந்து நின்றார். பேச்சு வராத பிள்ளைகளுக்காக இந்த அம்மனிடம் வேண்டிக்கொள்வது வழக்கம். பையன் சாமியைப் பார்க்கவில்லை, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். தாளத்தை அடித்துவிட்டு விரலை மூடினால் நாதம் சட்டென்று நிற்கும், திறந்துவிட்டால் நீளும். நான் ஒரு தடவை திறந்தேன், ஒரு தடவை மூடினேன். அவன் தன் உள்ளங்கையைத் திறந்து மூடினான். பதிகம் முடிந்து நான் திரும்புவதற்குள் அவர்கள் பிராகாரம் சுற்றப் போய்விட்டார்கள்.

பிறகு வந்த சுந்தரரும் இந்த ஊரைப் பாடும்போது, 'நாளும் இன்னிசையால் தமிழ் பரப்பும் ஞானசம்பந்தனுக்கு' உலகத்தார் அறியத் தாளம் ஈந்ததைத்தான் சொல்கிறார். அதையும் பாடிவிட்டுக் கிளம்பினோம்.

சீர்காழியில் நடை சாத்துவதற்குள் ஓட்டமும் நடையுமாகப் படியேறித் தோணியப்பரையும், அதற்கும் மேலே சட்டைநாதரையும் தரிசித்தோம். பாட நேரமில்லை. 2023-ஆம் ஆண்டு குடமுழுக்குத் திருப்பணிக்காக இங்கே மண்ணைத் தோண்டியபோது ஐம்பொன் திருமேனிகளோடு தேவாரம் பொறித்த நூற்றுக்கணக்கான செப்பேடுகள் கிடைத்தன. யாரோ ஒரு காலத்தில் பயந்து புதைத்திருக்கிறார்கள். அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று ஐயாவுக்கு ஆசை. பசித்த 22 பேரை வைத்துக்கொண்டு அவர் ஆசை நிறைவேறவில்லை.

மாலையில் தருமபுரம். மயிலாடுதுறையில் ஆதீனம் இருக்கும் தருமபுரம் வேறு. இது காரைக்காலை ஒட்டியது. தரங்கம்பாடி வழியாகப் போய்ப் புதுச்சேரி எல்லைக்குள் நுழைந்ததும் சாலையோரப் பலகைகள் எல்லாம் ஒரே சரக்கைப் பற்றிப் பேசத் தொடங்குகின்றன. ஐயா கண்ணை மூடிக்கொண்டு பதிகம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

இந்தப் பயணத்தையே திட்டமிட்டது இந்த ஊருக்காகத்தான். சம்பந்தர் ஊர் ஊராகப் போனபோது கூடவே போனவர்கள் திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவர் மனைவி மதங்கசூளாமணியாரும். அவர் பாட, இவர்கள் யாழிலும் குரலிலும் தொடர்வார்கள். தருமபுரம் பாணருடைய தாயார் பிறந்த ஊர். அங்கே உறவுக்காரர்கள், நீ யாழில் வாசிப்பதால்தான் அந்தப் பதிகத்துக்கே பெருமை என்று பேசினார்கள். பாணர் பதறிப்போனார். யாழில் அடங்காத பதிகம் ஒன்று பாடியருள வேண்டும் என்று சம்பந்தரிடம் கேட்டுக்கொண்டார். அவர் பாடினார். யாழ் தோற்றது. பாணர் அந்த யாழையே உடைக்க ஓங்கினார். சம்பந்தர் தடுத்து, யாழைத் தம் கையில் வாங்கிக்கொண்டார். இறைவனுக்கு யாழ்மூரிநாதர் என்று பெயர். முதல் திருமுறையில் 136-ஆவதாக, கடைசிப் பதிகமாக அந்த யாழ்மூரி இருக்கிறது.

எனக்கு இந்தக் கதையில் உறவுக்காரர்கள்மீது கோபம் வருவதில்லை. நம் வீட்டுப் பிள்ளை ஒரு கூட்டத்தோடு போனால், அவன்தான் எல்லாம் என்று சொல்லாத உறவு எங்கே இருக்கிறது? பிற்காலத்தில் திருமுறைகள் தில்லையில் கிடைத்தபோது பண்முறை தெரியாமல் நின்றார்கள் என்றும், பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடிப்பிடித்துத்தான் பண் வகுத்தார்கள் என்றும் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. தோற்ற யாழின் குடும்பத்திலிருந்துதான் பாட்டு திரும்பக் கிடைத்தது.

'மாதர் மடப்பிடியும் மட அன்னமும்' என்று இந்தப் பதிகம் நிதானமாக அசைந்து தொடங்கும். இப்போது அடாணாவில் பாடுகிறார்கள். அந்த நடையை நம்பி மூச்சை விட்டால் தொலைந்தோம். அடுத்த நொடியே 'நடையுடை மலைமகள் துணையென' என்று குறிலாக ஓடும். கடைசி அடியில் 'எழில்பொழில் குயில்பயில் தருமபுரம்' என்று படியிலிருந்து உருண்டோடும் எலுமிச்சம்பழங்கள் போல. மூன்று மாதம் பழகியிருந்தோம்.

முதல் தடவை இரண்டாம் அடியிலேயே உடைந்தது. பெண்கள் முன்னால், ஆண்கள் அரைச் சொல் பின்னால். கல்லூரிப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட, அது இருமலாக வெளிவந்தது. தட்டோடு காத்திருந்த குருக்கள் பொறுமையாக விளக்கின் திரியைத் தூண்டினார். மீண்டும் தொடங்கினோம். மீண்டும் அதே இடம். ஐயா கையைக் காட்டி நிறுத்தினார். பாடியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் பார்த்தது என்னை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஓடியது அவர்கள் அல்ல, நான். கடினமான இடம் வருகிறது என்ற பயத்தில் என் கை முந்திக்கொண்டிருக்கிறது. தாளம் முந்தினால் 21 பேரும் மூச்சு வாங்காமல் ஓடித்தான் ஆக வேண்டும். மூன்று மாதமாகப் பெண்கள்தான் ஓட்டுகிறார்கள் என்று ஆண்களும், ஆண்கள் இழுக்கிறார்கள் என்று பெண்களும் சொல்லிக்கொண்டிருந்தபோது, நடுவில் நான் நல்லவனாக உட்கார்ந்திருந்தேன்.

"மூடி அடியுங்கள்" என்றார் ஐயா, எனக்கு மட்டும் கேட்கும்படி.

விரல்களை மூடி, ஓசையைக் குறைத்து, கண்ணால் பூக்கடை அக்காவின் தோளைப் பார்த்துக்கொண்டே அடித்தேன். அவர் மூச்சு வாங்கும்போது தோள் ஏறும். அது ஏறி இறங்கிய பிறகே அடுத்த அடி. மூன்றாம் தடவை தருமபுரம் பதியே என்ற இடத்துக்கு எல்லாரும் சேர்ந்து வந்து சேர்ந்தோம். பதிகம் முழுவதும் பாடவில்லை, இரண்டு பாட்டுத்தான். பாடி முடித்தோம் என்று சொல்லலாம். பாடினோம் என்று சொல்ல ஐயாவுக்கு மனம் வராது. குருக்கள் தீபாராதனை காட்டிவிட்டு, "இதைப் பாடுவதற்கென்று வருகிறவர்கள் குறைவு" என்றார். பாராட்டாகவும் எடுத்துக்கொள்ளலாம், ஏன் வருவதில்லை என்பதற்கு விளக்கமாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

இரவு வைத்தீஸ்வரன்கோயிலில் தங்கல். கொசுவைப் பற்றி எழுதினால் தனிப் பதிகம் ஆகும்.

ஞாயிறு காலை ஆச்சாள்புரம். தேவாரம் இதை நல்லூர்ப் பெருமணம் என்கிறது. சம்பந்தருக்குத் திருமணம் நடந்த ஊர். வைகாசி மூலத்தன்று அந்த மணக்கோலத்திலேயே மனைவியோடும், திருநீலநக்கர், முருக நாயனார், யாழ்ப்பாணர், மதங்கசூளாமணியார் என்று வந்த சுற்றம் அத்தனையோடும் சோதியில் கலந்தார். கூடப் பாடியவர்களை விட்டுவிட்டுத் தனியே போகவில்லை. இங்கே அம்மைக்கு வெண்ணீற்று உமைநங்கை என்று பெயர், பிரசாதமும் திருநீறுதான். நெற்றி நிறையப் பூசிக்கொண்டு மண்டபத்தில் கூடினோம்.

'காதலாகிக் கசிந்து கண்ணீர் மல்கி' சம்பந்தர் அந்தச் சோதியின் முன் நின்று பாடியது. நான் கீழே உட்கார்ந்து தாளத்தை எடுத்தேன்.

"இன்றைக்குச் சுத்தாங்கமாகப் பாடலாம்" என்றார் ஐயா. தாளத்தோடு பாடினால் பண்ணாங்கம், தாளமில்லாமல் விட்டுப் பாடினால் சுத்தாங்கம். என்னைப் பார்த்து, "எழுந்திருங்கள். ஆண்கள் பக்கம் ஓர் ஆள் குறைகிறது" என்றார்.

குறையவில்லை. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தாளத்தைத் தூண் ஓரமாக வைத்துவிட்டுத் தையற்கடைக்காரருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கௌசிகப் பண், பைரவி. கீழே இருக்கும்வரை குரல் கேட்டதைக் கொடுத்தது. மேலே போன இடத்தில் வழக்கம்போல் பிளந்தது. தையற்கடைக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை, கொஞ்சம் சத்தமாகப் பாடினார். அவ்வளவு சத்தமாக அவர் பாடி நான் கேட்டதில்லை.

வேன் கொள்ளிடம் கடைத்தெருவை நெருங்கியபோதுதான் என் கை காலியாக இருப்பதைக் கவனித்தேன். சொல்லக் கூச்சமாக இருந்தது. சொன்னேன். ஓட்டுநர் ஒன்றும் பேசாமல் வண்டியைத் திருப்பினார், மற்றவர்கள்தான் பேசினார்கள்.

கோயில் வாசலில் வேன் நிற்பதற்குள் ஓசை கேட்டது. உள்ளே மண்டபத்தில், குருக்களின் பேரன் போலிருக்கிறது, நான்கு வயதிருக்கும், வெற்றுடம்போடு தூணடியில் சம்மணமிட்டு உட்கார்ந்து இரண்டு கிண்ணங்களையும் மோதிக்கொண்டிருந்தான். ஒரு கணக்கும் இல்லை. நார் நன்றாக இறுகியிருந்தது.

"வாங்கிக்கொள்ளுங்கள், அண்ணா" என்று பூக்கடை அக்கா பின்னாலிருந்து சொன்னார். "ஒரு நிமிஷம் இரும்மா" என்று சொல்லிவிட்டு எதிர்த் தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன்.